பல் அறுவைக்கு முந்தைய ஒன்பது நாள்: செடேஷனுக்குப் பயப்படுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மரத்துப்போவதற்கு முன்பே ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். ஊசி போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "வலிக்குது" என்று டாக்டரின் கையைப் பிடித்தேன். "பெரிய பையன்தானே, சும்மா இரு" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் பல் ஆஸ்பத்திரி இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரை என்று காலத்தை ஓட்டினேன். கடைசியில் கீழ் வலது ஞானப்பல் சாய்ந்து முளைத்து, ஈறு வீங்கி, வாயில் இரண்டு விரல்கூட நுழையாத நிலை வந்தது. தப்பிக்க வழியில்லை.

வீக்கம் வற்ற மருந்து கொடுத்துவிட்டு, தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சர்ஜன், "ஆபரேஷன்தான். உங்க பயத்தைப் பார்த்தா செடேஷன்ல, அதாவது அரைத்தூக்கத்துல பண்ணிடலாம்" என்றார். ஒன்பது நாள் தள்ளித் தேதி. வெளியே வந்தபோது பயம் குறைந்திருக்கவில்லை, ஒன்று இரண்டாகியிருந்தது. பல்லுக்கு ஒன்று, மயக்கத்துக்கு ஒன்று.

அந்த ஒன்பது நாளில் எது உதவியது, எது வீண் என்று வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, பட்டினி நேரம் எல்லாவற்றிலும் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நம் வேலை.

முதல் படி: 'மயக்க ஊசி' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் மூன்று வேறு விஷயங்களுக்கும் 'மயக்க ஊசி' என்றே பெயர். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஈறில் போடுவது மரத்துப்போகும் ஊசி. பெரும்பாலும் லிக்னோகெய்னும் துளி அட்ரினலினும் கலந்தது. வலியை எடுப்பது இதுதான். செடேஷன் என்பது வேறு. அது பதற்றத்தை இறக்கி உங்களை அரைத்தூக்கத்துக்குக் கொண்டுபோகும். அதிலும் மெல்லியது, நடுத்தரம், ஆழ்ந்தது என்று அளவுகள் உண்டு. பல் அறுவையில் அதிகம் கொடுப்பது நடுத்தர அளவு. அதில் மூச்சை நீங்களே விடுவீர்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், "வாயை இன்னும் கொஞ்சம் திறங்க" என்றால் திறப்பீர்கள். மூன்றாவதுதான் முழு மயக்கம், ஜெனரல் அனஸ்தீசியா. அதற்கு ஆபரேஷன் தியேட்டர் வேண்டும், மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்கள். ஒரு ஞானப்பல்லுக்கு அது அபூர்வமாகத்தான் தேவைப்படும்.

செடேஷன் கொடுத்தாலும் மரத்துப்போகும் ஊசியும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள், நடுவில் ஏதோ அழுத்துவதுபோல் உணர்ந்தால் "மருந்து வேலை செய்யலையோ" என்று பதறிவிடுவார்கள். அந்த ஊசி வலியை எடுக்கும். அழுத்தத்தையும் சத்தத்தையும் எடுக்காது. அழுத்தம் தெரிவது எல்லாருக்கும் நடப்பதுதான்.

செடேஷன் வருவதற்கு மூன்று வழிகள். மூக்கில் முகமூடி வைத்து ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு. நிறுத்திவிட்டுச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடத்திலேயே தெளிந்துவிடும். அடுத்தது மாத்திரை. எளிதுதான், ஆனால் ஒருவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்றாவது, கையில் வென்ஃப்ளான் என்ற மெல்லிய குழாயைச் செருகி ரத்த நரம்பு வழியாக ஏற்றுவது; அதில் அதிகம் பயன்படும் மருந்து மிடசோலம். சில நிமிடத்தில் பிடிக்கும், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், தேவைப்பட்டால் ஃப்ளூமசெனில் என்ற முறிவு மருந்தால் அதன் வேலையைத் திருப்பவும் முடியும். எனக்கு இதுதான்.

இடையில் ஒரு செய்தி. மயக்க மருந்தை உலகறியச் செய்ததே பல் டாக்டர்கள்தான். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பு வாயுவை இழுத்துவிட்டுத் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். அடுத்த மாதம் பாஸ்டனில் பலர் முன்னால் செய்துகாட்டப்போய் நோயாளி அலறிவிட, மானம் போனது. 1846 அக்டோபர் 16 அன்று அதே பாஸ்டனில், அவருடைய பழைய கூட்டாளியும் பல் மருத்துவருமான வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து ஓர் அறுவையை வலியில்லாமல் நடத்திக் காட்டினார். பல் வலிக்குப் பயந்தவர்கள் இல்லாவிட்டால் இதெல்லாம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் படி: உங்கள் பயத்துக்குப் பெயர் வையுங்கள்

"எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னால் டாக்டரால் "பயப்படாதீங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. "எனக்கு ஊசின்னா தலை சுத்திக் கீழ விழுந்துடுவேன்" என்று சொன்னால் அவர் நாற்காலியைச் சாய்த்துப் படுக்கவைத்துப் போடுவார். வித்தியாசம் அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எவ்வளவு பயம் என்று அளக்க ஒரு சின்னக் கேள்வித்தாள் உண்டு. ஐந்து கேள்விகள்: நாளை பல் வைத்தியம் என்றால், காத்திருக்கும் அறையில் இருந்தால், டிரில் வைக்கப்போகிறார்கள் என்றால், பல்லைச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்றால், ஈறில் ஊசி போடப்போகிறார்கள் என்றால் எப்படி இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 5 முதல் 25 வரை வரும். 19-ஐத் தொட்டால் கடும் பயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு 22. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்தேன். வாயால் சொல்லக் கூச்சப்பட்டதைத் தாள் சொல்லிவிட்டது.

எது பயம் என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு. நான் பார்த்த வகைகள் சில.

ஊசி பயம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும்; ஊசி, ரத்தம் பார்த்து மயங்குகிறவர்களுக்கு முதலில் ஏறி, அப்புறம் சடாரென்று இறங்கும். அதனால் இவர்களை "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று சொல்வது தப்பான யோசனை. தொடை, வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து, முகம் சூடேறியதும் விட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி இறுக்க வேண்டும். ஐந்து முறை. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் 1980-களில் உருவாக்கிய முறை இது. ஒரு வாரம் வீட்டில் பழகிவிட்டுப் போனால் உண்மையிலேயே விழாமல் இருக்கலாம். ஊசி குத்தும் வலிதான் பிரச்சினை என்றால், தோலை மரக்கச்செய்யும் கிரீமை ஒரு மணி நேரம் முன்பே புறங்கையில் தடவச் சொல்லிக் கேளுங்கள்.

எழுந்திருக்காமலே போய்விடுவோமோ என்ற பயம். பலருக்கு இதுதான் அடியில் கிடக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். இதற்கு ஆறுதல் வார்த்தை வேலைக்காகாது, தகவல்தான் மருந்து. யார் மருந்து கொடுக்கிறார்கள், யார் கண்காணிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வழி. அதற்கு அடுத்த படியில் வருகிறேன்.

மயக்கத்தில் எதையாவது உளறிவிடுவோமோ என்ற பயம். சிரிக்காதீர்கள், எனக்கும் இருந்தது. மருந்து நாக்கைக் கொஞ்சம் தளர்த்தும் என்பது நிஜம்தான். ஆனால் வாயில் ரப்பர் கட்டையும் உறிஞ்சுகுழாயும் இரண்டு பேர் விரல்களும் இருக்கும்போது உளறுவதற்கு இடம் எங்கே?

மூச்சு முட்டும், குமட்டும் என்ற பயம். இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அப்புறம், வெட்கம். "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று திட்டுவார்களோ என்று. இந்த ஊரில் அப்படிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. முதல் நாளே "திட்டாம பார்க்கணும் டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அதற்கும் முகம் சுளித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, நம் வீடுகளில் வளரும் ஒரு பயம்: மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும். என் அத்தை இன்றுவரை நம்புகிறார். பல்லுக்கு உணர்வு தருவது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பின் கிளைகள். பார்வைக்கானது இரண்டாவது நரம்பு, அதன் பாதையே தனி. எனவே அத்தையிடம் வாதாடாமல் பல்லை எடுத்துவிட்டு வரலாம்.

மூன்றாம் படி: டாக்டரிடம் ஒரு தாளோடு போங்கள்

பயந்தவனுக்கு டாக்டர் முன்னால் எல்லாம் மறந்துபோகும். எழுதிக்கொண்டு போங்கள். நான் எழுதியவை: செடேஷன் கொடுப்பது நீங்களா, தனி மயக்கவியல் டாக்டரா? நீங்கள் பல்லைப் பார்க்கும்போது என் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் யார் பார்ப்பார்கள்? ஆக்சிஜனும் அவசர மருந்துகளும் அந்த அறையிலேயே இருக்குமா? எவ்வளவு நேரம் ஆகும்? பாதியில் நான் விழித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பல்லை எடுப்பவரின் கண் பல்லில் இருக்கும். உங்களைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்பது பதில் ஆகாது. எனக்கு, "அனஸ்தீசியா டாக்டர் வெளியிலிருந்து வருவார், முடியறவரைக்கும் உங்க தலைமாட்டுலயே இருப்பார்" என்று பதில் கிடைத்தது. ஒன்பது நாளில் என் பயம் கண்ணுக்குத் தெரிந்து இறங்கியது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

ஞானப்பல் என்றால் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேர் கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? ஒப்புதல் படிவத்தில் 'உதடு மரத்துப்போகலாம்' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் நேரத்தில் அதைப் படித்துத் திடுக்கிடுவதைவிட, எக்ஸ்ரேயைக் காட்டி முன்பே கேட்டுவிடுவது நல்லது. நெருக்கமாக இருந்தால், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

நீங்கள் சொல்ல வேண்டியவற்றை மறைக்கவே கூடாது. சாப்பிடும் எல்லா மருந்தும். சித்த மருந்து, நாட்டு மருந்து, தூக்க மாத்திரை, மனநல மாத்திரை உட்பட. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். சர்க்கரைக்காரர்கள் பட்டினி நாளில் இன்சுலின், மாத்திரை எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. வீட்டுக்காரர் கேலி செய்யும் அளவுக்குக் குறட்டை விடுகிறீர்களா? அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறவர்களுக்கு செடேஷனில் கூடுதல் கவனம் வேண்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம், குடிப்பழக்கம், ஏற்கெனவே மயக்க மருந்தில் ஏற்பட்ட தொந்தரவு எல்லாமே இதே பட்டியல்தான்.

தேதி குறிக்கும்போது காலையில் முதல் ஆளாகக் கேளுங்கள். மாலை நான்கு மணி ஆபரேஷன் என்றால் நாள் முழுக்கப் பட்டினியும் பயமும் கைகோத்துக்கொள்ளும். என் அம்மா "செவ்வாய்க்கிழமை வேண்டாம், ராகு காலம் பார்" என்றார். சண்டை போடவில்லை, புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். அவசரமில்லாத அறுவையில் ஒரு நாள் தள்ளுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. வீட்டில் ஒருவர் நிம்மதியாக இருந்தால் அது நமக்கும் தொற்றும்.

நான்காம் படி: நடுவில் உள்ள நாட்கள்

இந்த நாட்களில் பெரிய ஆபத்து ஃபோன்தான். தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள். அறுவை வீடியோ பார்க்கவே பார்க்காதீர்கள். நான் ஒன்று பார்த்துவிட்டு இரண்டு இரவு தூங்கவில்லை. அதே மாதிரி சொந்தக்காரர்களுக்கும் சொல்லாதீர்கள். "எங்க ஓரகத்தி தம்பிக்கு இப்படித்தான்..." என்று ஆரம்பிக்க ஒருவராவது இருப்பார். உடன் வரப்போகும் ஆளுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்தால் போதும்.

தினமும் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணி மெதுவாக விடுவது. வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தானாக இறங்கும். உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது, நம்பிக்கை வைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: நாற்காலியில் உட்கார்ந்து முதல் முறையாகச் செய்து பார்க்கக் கூடாது. பதறாத நேரத்தில் பழகினால்தான் பதறும் நேரத்தில் வரும்.

அதை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு செய்து பழகுங்கள். இதை யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். முதல் நாள் முப்பது நொடியில் எச்சில் சேர்ந்து, தொண்டை அடைப்பதுபோல் ஆகி, மூடிவிட்டேன். நான்காம் நாள் ஒரு சிலை மாதிரி ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார முடிந்தது. மூச்சு முட்டும், குமட்டும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. சளி பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டால் ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளுவார்கள்.

முடிந்தால் ஒரு நாள் போய் அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். நான் ரத்தப் பரிசோதனை முடிவைக் கொடுக்கப்போன சாக்கில் கேட்டேன். உதவியாளர் பெண் நாற்காலியைச் சாய்த்துக் காட்டினார். தலைக்கு மேலே ஏசியின் நீர் ஒழுகிய கறை, இலங்கை வரைபடம் மாதிரி. அறுவை அன்று மறுபடி அதைப் பார்த்தபோது தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

பயத்தில் வாரக்கணக்காகத் தூக்கமே இல்லை, நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை என்றால் அதைப் பல் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். டெலி மனஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

ஐந்தாம் படி: முந்தைய நாளும் இரவும்

கஞ்சி, நொறுக்கிய தயிர்ச்சோறு, ஐஸ் பை, மாத்திரைகள் எல்லாவற்றையும் இன்றே வாங்கி வையுங்கள். கை வேலையாக இருக்கும்போது மனது அலையாது. உடன் வருபவர் யார் என்று உறுதி செய்யுங்கள். "ஆட்டோ பிடிச்சு வந்துடுவேன்" என்பது செல்லாது. ஆள் இல்லாவிட்டால் பல இடங்களில் செடேஷனே கொடுக்க மாட்டார்கள். அந்த ஆள் கதை சொல்கிற ஆளாக இல்லாமல், பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவராக இருப்பது நல்லது. என் தங்கையைக் கூப்பிட்டேன்.

தைரியத்துக்கு ஒரு குவார்ட்டர், அல்லது யாரோ கொடுத்த தூக்க மாத்திரை: இரண்டும் வேண்டவே வேண்டாம். மிடசோலத்தோடு சேர்ந்தால் இவை மூச்சை மட்டுப்படுத்தும். முந்தைய இரவு தூங்க மாத்திரை தேவை என்றால் அதே டாக்டரிடம் கேளுங்கள், அவரே எழுதித் தருவார்.

தூக்கம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரு இரவு சரியாகத் தூங்காததால் அறுவை கெட்டுவிடாது. நான் இரண்டு மணி வரை பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் படி: அன்று காலை, முக்கியமாகக் காபி

பட்டினி ஏன் என்றால், அரைமயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகக் கூடாது என்பதற்காக. உலகம் முழுக்கப் பரவலாகப் பின்பற்றும் கணக்கு இது: தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்பு வரை, லேசான சாப்பாடு 6 மணி நேரம், எண்ணெய், கறி சேர்ந்தது 8 மணி நேரம். நம் ஊரில் பலர் "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல எதுவும் வேண்டாம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். தண்ணீராவது எப்போது வரை குடிக்கலாம் என்று கேட்டு வையுங்கள். நா வறண்டால் பதற்றம் கூடும், ஊசி போட ரத்த நரம்பும் கிடைக்காது.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: பால். "சாப்பிடல டாக்டர், ஒரு வாய் காபி மட்டும்தான்" என்பார்கள். பால் சேர்ந்த காபியும் டீயும் வயிற்றுக்குச் சாப்பாடுதான், ஆறு மணி நேரக் கணக்கில் வரும். கஞ்சியும் தெளிந்த நீரில் சேராது. அந்த ஒரு டம்ளருக்காக அன்றைய அறுவை தள்ளிப்போய், இந்தப் பயத்தையெல்லாம் இன்னொரு முறை படுவதை நினைத்துப் பாருங்கள். காலைக் காபி இல்லாமல் தலை வலிக்கும் என்றால், நான்கைந்து நாள் முன்பிருந்தே அளவைக் குறைத்துவிடுங்கள்.

அரைக்கைச் சட்டை போடுங்கள்; ரத்த அழுத்தப் பட்டையும் வென்ஃப்ளானும் எளிதாக இருக்கும். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப் மாட்டுவார்கள், அதனால் நகப்பூச்சை அழித்துவிடுங்கள். நகை, கான்டாக்ட் லென்ஸ், கழற்றும் பல்செட் எல்லாம் வீட்டிலேயே. விபூதி பூசிக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

அங்கே போனதும் ரத்த அழுத்தம் அதிகமாகக் காட்டினால் பதறாதீர்கள். பயத்தில் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். எனக்கு 158/96 வந்து, அப்புறம் 138/86-க்கு இறங்கியது.

ஏழாம் படி: நாற்காலியில்

உட்கார்ந்ததும், மருந்து ஏறுவதற்கு முன்பே, கை சைகையைப் பேசிக்கொள்ளுங்கள். "இடது கையைத் தூக்கினா நிறுத்திடுங்க." டாக்டர் "சரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் என்னிடம் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான். இந்த முறை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. தூக்கலாம் என்பதே போதுமாக இருந்தது.

வென்ஃப்ளான் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊசி இறங்கும் நொடியில் லேசாக இருமுங்கள். கவனம் இருமலுக்குப் போய்விடும். கை சில்லிட்டிருந்தால் நரம்பு ஒளிந்துகொள்ளும். காத்திருக்கும்போதே உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி வையுங்கள்.

மருந்து ஏறியதும் எனக்கு முதலில் கண் கனத்தது. டியூப்லைட்டைச் சுற்றி ஒரு வளையம். சர்ஜன் ஏதோ கேட்டார், நான் "ம்" என்றேன். மனது பயத்தைத் தேடிப் பார்த்தது, அது கைக்குக் கிடைக்கவில்லை. எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டித் தெரிந்திருக்கட்டும். ஈறில் போடும் ஊசியில் உள்ள அட்ரினலின் சிலருக்கு இதயத்தைப் படபடவென்று அடிக்கவைக்கும், கை நடுங்கும். பயந்த சுபாவக்காரர் அதைப் பயம் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொண்டு நிஜமாகவே பயந்துவிடுவார். அது மருந்தின் வேலை, சில நிமிடத்தில் அடங்கிவிடும். சிரிப்பு வாயுவிலோ மாத்திரையிலோ செய்துகொள்கிறவர்களுக்கு இது தெளிவாகவே தெரியும். அவர்கள் ஹெட்ஃபோனும் கொண்டுபோகலாம். பல்லின் சத்தம் எலும்பு வழியாக வருவதால் முழுக்க மறையாது. ஆனால் பாதியாவது பாட்டில் கரையும்.

எட்டாம் படி: எழுந்த பிறகு

மிடசோலம் நினைவைப் பதிய விடாது. நேரத்தை நடுவில் வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். எனக்கு டியூப்லைட் வளையத்துக்கு அடுத்த காட்சி, கார் பின்சீட்டில் தங்கையின் கைக்குட்டை. இடையில் நான் நடந்திருக்கிறேன், டாக்டருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், "பல்லை எடுத்தாச்சா?" என்று ஏழு முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தங்கை "எடுத்தாச்சுண்ணா" என்றிருக்கிறாள். ஆகவே, மாத்திரை எப்போது, பஞ்சை எப்போது எடுப்பது என்ற விவரமெல்லாம் உடன் வருபவர் காதில்தான் விழ வேண்டும். எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

சிலர் எழுந்ததும் காரணமில்லாமல் அழுவார்கள். மருந்து இறங்கும்போது நடப்பதுதான், கவலை வேண்டாம். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, பணம் அனுப்புவது, குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது எதுவும் கூடாது. தெளிந்துவிட்டேன் என்று நமக்குத் தோன்றும், ஆனால் தெளிந்திருக்க மாட்டோம்.

வீட்டில் முதல் நாள் விதிகள் சுருக்கமானவை. கடித்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை விடாமல் கடியுங்கள். துப்பாதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம், பீடி, சிகரெட், பாக்கு வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்தால் சில நாளில் வரும் வலி உயிரை எடுக்கும். வெளியே ஐஸ் ஒத்தடம், இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் விட்டு. வெதுவெதுப்பான உப்புநீர் அடுத்த நாளிலிருந்துதான். மரத்தது விலகும் முன்பே டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி வந்தபின் துரத்துவது சிரமம். உதடு மரத்திருக்கும்போது கடித்துக்கொள்ளாமல் இருக்க, அதுவரை மெல்லும் எதுவும் வேண்டாம்.

வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். இது தெரியாமல் மூன்றாம் நாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு "ஏதோ தப்பாயிடுச்சு" என்று நடுங்குகிறவர்கள் நிறைய. ஆனால் ரத்தம் நிற்கவே இல்லை, காய்ச்சல் ஏறுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் உடனே டாக்டருக்கு ஃபோன். கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கி மூச்சு விடச் சிரமம் என்றால் யோசிக்காமல் 108.

ஒன்பதாம் படி: தையல் பிரிக்கும் நாள்

செடேஷனில் ஒரு குறை உண்டு. அது அன்றைய பயத்தைத் தூக்கிப்போடும். ஆனால் "போனேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற நினைவையும் சேர்த்தே தூக்கிப்போட்டுவிடும். மூளைக்குப் பழைய நினைவு மட்டும்தான் மிச்சம். அடுத்த பல்லுக்கும் அதே பயம் அதே இடத்தில் காத்திருக்கும்.

அதனால் ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்கப் போகும் நாளை வீணாக்காதீர்கள். அன்று மயக்கம் கிடையாது, ஊசியும் கிடையாது, கத்தரிக்கோலின் இரண்டு மூன்று 'டிக்' சத்தம் மட்டும். தனியாகப் போங்கள். கைச் சைகையை மறுபடி பேசிக்கொள்ளுங்கள், நீள மூச்சு விட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். எனக்கு மூன்று தையல். இரண்டாவதுக்கு இடது கையைத் தூக்கினேன், வலியால் அல்ல, சோதித்துப் பார்க்கத்தான். சர்ஜன் உடனே கையை எடுத்துக்கொண்டு "சொல்லுங்க" என்றார். "ஒண்ணுமில்ல டாக்டர், தொடருங்க" என்றேன்.

இடது பக்க ஞானப்பல்லுக்கு அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன். இந்த முறை சிரிப்பு வாயு போதுமா என்று கேட்டிருக்கிறேன். கேள்வித்தாளை மறுபடி போட்டுப் பார்த்தேன்: 16.